புகைப்பவரிடம் வசூலித்த வரி எங்கே போகிறது?

1988 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சாவடிக்குப் போனபோது இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிகரெட் பாக்கெட் ஒன்றுக்கு 10 சென்டாக இருந்த மாநில வரியை 35 சென்டாக உயர்த்தலாமா, வேண்டாமா? புகையிலை நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலரை இறைத்து எதிர்ப்பிரசாரம் செய்தன. அப்படியும் 58 சதவீதம் பேர் உயர்த்தலாம் என்றார்கள். வரியை ஏற்றுங்கள் என்று மக்களே சொல்வது எந்த நாட்டிலும் அபூர்வம்.

'99-ஆம் முன்மொழிவு' என்று பெயர் பெற்ற அந்தச் சட்டம் 1989 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடுதலாகக் கிடைக்கும் 25 சென்டை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 20 சதவீதம் புகையிலை பற்றிய சுகாதாரக் கல்விக்கு. 5 சதவீதம் ஆராய்ச்சிக்கு. 45 சதவீதம் வசதியற்றவர்களின் மருத்துவமனை, மருத்துவர் செலவுக்கு. 5 சதவீதம் பூங்கா, வனவிலங்குப் பாதுகாப்புக்கு. மீதியை இவற்றில் எதற்குத் தேவையோ அதற்குக் கொடுக்கலாம். இப்படிப் பூட்டு போட்டு வைக்காவிட்டால் பணம் பொதுக் கஜானாவில் கரைந்துவிடும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பூட்டு போட்டும் அதை உடைக்கப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கதை பின்னால் வருகிறது.

புகைப்பவரிடம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு அவரை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்கத் திரும்பி வர வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் கடந்த 50 ஆண்டுச் சட்டங்களைப் புரட்டினால், இந்தக் கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்ட இடங்களில் புகைப்பது வேகமாகக் குறைந்ததையும், வரியை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைக் கைவிட்ட இடங்களில் அந்த வேகம் தளர்ந்ததையும் காணலாம்.

இந்த வேலை மாநிலங்களின் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. சிகரெட் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் வாஷிங்டன் நாடாளுமன்றம் பாக்கெட்டில் ஓர் எச்சரிக்கை வாசகத்தை அச்சிடச் சொன்னதோடு, சிகரெட் விளம்பரங்களை உடல்நலக் காரணம் காட்டி மாநிலங்கள் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் விதி போட்டது. புகையிலைப் பொருள்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கிடைத்தது 2009 ஜூனில்தான். நடுவே கழிந்த 45 ஆண்டுகளில் மாநிலங்கள் கையில் இருந்த கருவிகள் சில: வரி, விற்பனை வயது, எங்கே புகைக்கலாம் என்ற விதி, நீதிமன்றம்.

முதலில் எடுத்தது இட விதி. அரிசோனா 1973-ல் சில பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்தியது. மினசோட்டா 1975-ல் பெரும்பாலான பொது இடங்களுக்கும் பொருந்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் மாநிலம் தழுவிய சட்டத்துக்காக 1978-லும் 1980-லும் வாக்கெடுப்புக்குப் போன ஆர்வலர்கள் இரண்டு முறையும் தோற்றார்கள். நிறுவனங்களின் பணத்துக்கு மாநில அளவில் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன்பின் அவர்கள் வழியை மாற்றினார்கள். பெர்க்லி நகரம் 1977-லேயே தனக்கென ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. அதுபோல ஊர் ஊராகப் போனார்கள். நகர மன்ற உறுப்பினர் பக்கத்துத் தெருக்காரர். புகையிலை நிறுவனத்தின் வழக்கறிஞர் வெளியூர்க்காரர். இந்த வேறுபாடு பெரிய பலமாக அமைந்தது. சான் பிரான்சிஸ்கோ அலுவலகங்களுக்கான விதியை ரத்து செய்ய நிறுவனங்கள் 1983-ல் வாக்கெடுப்பு நடத்தியும் நகர மக்கள் விதியைக் காப்பாற்றினார்கள். 1990 ஆகஸ்டில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறு நகரம் உணவகம், மதுக்கூடம் உட்படப் பொதுக் கட்டடங்கள் அனைத்திலும் புகைப்பதைத் தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நகரம் என்ற பெயர் அதற்கு உண்டு.

இதற்குப் புகையிலைத் துறை கொடுத்த பதிலடி தனியாகச் சொல்ல வேண்டியது. 1994-ல் கலிஃபோர்னியாவில் '188-ஆம் முன்மொழிவு' வாக்கெடுப்புக்கு வந்தது. மாநிலம் முழுதும் புகைப்பதற்குக் கட்டுப்பாடு என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் இது புகைக்கு எதிரான சட்டம் என்றே நம்பினார்கள். உள்ளே படித்தால், அது ஊர்களின் கடுமையான விதிகளை எல்லாம் செல்லாததாக்கி, அவற்றின் இடத்தில் தளர்வான ஒரு மாநில விதியை வைப்பதற்கான ஏற்பாடு. செலவின் பெரும்பகுதி பிலிப் மோரிஸ் நிறுவனத்துடையது. தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் ஆதரவு பலமாக இருந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற செய்தி பரவப் பரவ அது சரிந்தது. நவம்பரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

அதே ஆண்டு நிறைவேறிய மாநிலச் சட்டம் 1995 ஜனவரியில் மூடிய பணியிடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. மதுக்கூடங்களுக்கு மட்டும் அவகாசம் கொடுத்து, 1998 ஜனவரி 1 முதல் அவற்றையும் சேர்த்தது. புகை இல்லாத மதுக்கூடத்துக்கு யார் வருவார்கள், தொழில் படுத்துவிடும் என்று முதலாளிகள் முறையிட்டார்கள். உள்ளே நின்று வேலை செய்பவரின் மூச்சைப் பற்றி அந்த விவாதத்தில் பேசியவர்கள் குறைவு.

சான் பிரான்சிஸ்கோ மருத்துவ ஆய்வாளர்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தடை வருவதற்குச் சற்று முன்பு 53 மதுக்கூடப் பணியாளர்களைச் சந்தித்து இருமல், சளி, இழுப்பு உண்டா என்று கேட்டு, மூச்சின் அளவையும் கருவியில் ஊதச் சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். 39 பேருக்கு ஏதோ ஒரு மூச்சுத் தொல்லை இருந்தது. தடை வந்த சில வாரங்களில் மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த 39 பேரில் 23 பேருக்குத் தொல்லை நீங்கியிருந்தது. வேலை நேரத்தில் பிறர் புகையில் நிற்கும் நேரம் வாரத்துக்கு 28 மணியிலிருந்து 2 மணியாகச் சுருங்கியிருந்தது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. சட்டம் மாறியது, நெஞ்சு லேசானது.

மொண்டானாவின் ஹெலினா நகரில் நடந்ததும் அடிக்கடி பேசப்படுகிறது. 2002 ஜூனில் நகரம் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைப்பதைத் தடை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் மாரடைப்பு என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 24 பேர். மற்ற ஆண்டுகளில் அதே மாதங்களின் சராசரி 40. ஊர் சிறியது, எண்களும் சிறியவை, அதனால் 40 சதவீதம் என்ற அந்தச் சரிவை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. பின்னர் பெரிய ஊர்களில் நடந்த ஆய்வுகள் இதைவிடக் குறைந்த சரிவையே காட்டின. ஆனால் திசை மாறவில்லை.

இதெல்லாம் புகைக்காதவரைக் காத்தது. புகைப்பவரை வாசலுக்கு வெளியே அனுப்பிய சட்டம், அவர் கையிலிருந்த சிகரெட்டை விட வைக்க என்ன செய்தது?

இந்த இடத்தில்தான் 99-ஆம் முன்மொழிவின் பணம் வேலை செய்தது. 1992-ல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கான இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் அரசுப் பணத்தில் நடந்த இத்தகைய சேவை அமெரிக்காவில் அதுவே முதல். அதை வடிவமைத்தவர்களில் ஷூ-ஹாங் ஜூ என்ற உளவியல் ஆய்வாளர் முக்கியமானவர். ஆங்கிலம், ஸ்பானிஷ் மட்டுமல்லாமல் சீனம், கொரியம், வியட்நாமியம் ஆகிய மொழிகளிலும் ஆலோசகர்கள் இருந்தார்கள். நள்ளிரவில் கை நடுங்குகிறவரிடம் அவருடைய தாய்மொழியில் பேச வேண்டும் என்பது மிக அடிப்படையான விஷயம். பல அரசு சேவைகள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

இந்த உரையாடல் உபதேசமாக அமைவதில்லை. காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள், இதற்குமுன் விட முயன்றபோது எந்த இடத்தில் சறுக்கினீர்கள், காபி குடிக்கும்போதா, வேலை முடிந்து வீடு திரும்பும்போதா, நண்பர்களுடன் உட்காரும்போதா என்று கேட்டு, அந்த இடங்களுக்கு ஒவ்வொரு மாற்றை அவரையே யோசிக்கச் செய்கிறார்கள். பிறகு ஒரு நாளைக் குறிக்கிறார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஆலோசகரே திரும்பக் கூப்பிடுகிறார். நிறுத்திய முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள், 30-ஆம் நாள் என்று அழைப்புகள் முதலில் நெருக்கமாகவும் பின்னால் இடைவெளி விட்டும் வருகின்றன. விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே மறுபடி பற்றவைக்கிறார்கள் என்ற அனுபவ அறிவிலிருந்து பிறந்த அட்டவணை இது.

இந்தச் சேவை உண்மையில் பயன் தருகிறதா என்று 3,000-க்கும் மேற்பட்ட அழைப்பாளர்களிடம் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆலோசனை பெற்றவர்களில் விட்டுவிட்டவர்களின் விகிதம், பெறாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியும் ஓராண்டு கழித்துப் புகையைத் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. நிகோட்டினின் பிடி அவ்வளவு இறுக்கமானது. மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாமே என்று வெளியிலிருந்து சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பலர் பல முறை முயன்ற பிறகே விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கை கொடுக்க ஆள் வேண்டும். இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படி ஒரு சேவை இருக்கிறது.

பேச்சுக்கு அடுத்தது மருந்து. நிகோட்டின் பேட்ச், சூயிங்கம், வாரெனிக்லின் போன்ற மாத்திரைகள் விடுபவருக்கு உதவும் என்று மருத்துவம் நிறுவிவிட்டது. அவற்றின் விலைதான் ஏழைப் புகைப்பாளருக்கு எட்டாதது. மாசசூசெட்ஸ் 2006-ல் கொண்டுவந்த புகழ்பெற்ற சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்துக்குள் இதற்கு ஒரு வழி இருந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஜூலை முதல், ஆண்டுக்கு இரண்டு முறை 90 நாள் மருந்தும் 16 ஆலோசனை அமர்வுகள் வரையும் கிடைக்கும். கையிலிருந்து கொடுக்க வேண்டியது ஒரு டாலரோ மூன்று டாலரோதான்.

இரண்டரை ஆண்டுகளில் 70,000-க்கும் மேற்பட்டோர் இதைப் பயன்படுத்தினார்கள். காப்பீட்டிலிருந்த புகைப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தக் காப்பீட்டாரிடையே புகைப்போர் விகிதம் 38.3 சதவீதத்திலிருந்து 28.3 சதவீதமாக இறங்கியது. மருந்து வாங்கியவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, மாரடைப்புக்காகச் சேர்வது ஏறக்குறையப் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. திட்டத்துக்குச் செலவான ஒவ்வொரு டாலருக்கும் இதய நோய்ச் சிகிச்சையில் 3 டாலருக்கும் மேல் மிச்சமானது என்று கணக்குப் போட்டார்கள். ஏழைகள் விட விரும்புவதில்லை என்று அதிகாரிகள் நெடுநாளாகச் சொல்லிவந்த காரணத்தை இந்த எண்கள் ஒரே அடியில் பொய்யாக்கின. அவர்கள் விட விரும்பியவர்கள்தான். மருந்துக்குக் காசில்லாமல் இருந்தார்கள்.

ஆனால் இதே மாசசூசெட்ஸ்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு தன் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஏறக்குறையக் கொன்றது. 1992-ல் மக்கள் வாக்களித்து உயர்த்திய வரியிலிருந்து நடந்த நல்ல திட்டம் அது. ஆண்டுக்கு 4.8 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு, பட்ஜெட் நெருக்கடி என்ற பேரில் 2004-ஆம் நிதியாண்டில் சுமார் 25 லட்சமாக வெட்டப்பட்டது. சிகரெட் வரி வசூல் அப்போதும் நிற்கவில்லை.

கலிஃபோர்னியாவின் பூட்டும் இதே ஆபத்தைச் சந்தித்தது. 99-ஆம் முன்மொழிவின் பணத்தில் 1990 ஏப்ரலில் ஒளிபரப்பான முதல் விளம்பரங்களில் ஒன்று, புகை மண்டிய அறையில் சிகரெட் நிறுவன மேலாளர்கள் கூடி, இறந்துபோகும் வாடிக்கையாளர்களுக்குப் பதிலாகப் புதியவர்களை எங்கே பிடிப்பது என்று பேசுவதாகக் காட்டியது. அதுவரை இருந்த அரசு விளம்பரங்கள் புகைப்பவரைத்தான் குற்றவாளியாகக் காட்டின. இது விற்பவரைக் காட்டியது. நிறுவனங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. 1992 ஜனவரியில் ஆளுநர் பீட் வில்சன் அந்த விளம்பரத் திட்டத்தை நிறுத்தினார். அமெரிக்க நுரையீரல் சங்கம் வழக்குத் தொடுத்து வென்ற பிறகே அது உயிர்பெற்றது. அதன்பிறகும் சுகாதாரக் கல்விக்கான பணத்தைச் சட்டமன்றம் மருத்துவச் சேவைகளுக்குத் திருப்பியது. மீண்டும் வழக்குகள். முழு ஒதுக்கீடு திரும்பக் கிடைத்தது 1996-ல். 1989 முதல் 1993 வரை வேகமாக இறங்கிய புகைப்போர் விகிதம், பணம் வெட்டப்பட்ட ஆண்டுகளில் தேங்கி நின்றதை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

தேக்கங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் கலிஃபோர்னியாவின் கணக்கு அசாதாரணமானது. 1989 முதல் 1997 வரை மட்டும் இதய நோய் மரணங்களில் 33,300 தவிர்க்கப்பட்டன என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2008 வரையிலான இருபது ஆண்டுகளில் செலவு 240 கோடி டாலர். மருத்துவச் செலவில் மிச்சம் 13,400 கோடி டாலர் என்பது இன்னொரு மதிப்பீடு. 1988-ல் வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் புகைத்த மாநிலத்தில், முப்பது ஆண்டுகளில் அந்த விகிதம் பாதிக்கும் கீழே போனது.

பணம் திசைமாறிய மிகப் பெரிய கதை ஒரு வழக்கில் தொடங்குகிறது. சிகரெட்டால் நோயாளியானவர்களுக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து செலவு செய்வது நாங்கள், அந்தச் செலவை நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும் என்று மிசிசிப்பியின் தலைமை வழக்கறிஞர் மைக் மூர் 1994-ல் வழக்குப் போட்டார். முதலில் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மாநிலங்கள் வரிசையாகச் சேர்ந்தன. மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சஸ், மினசோட்டா ஆகியவை தனித்தனியே உடன்பாடு கண்டன. மற்ற 46 மாநிலங்களுடன் 1998 நவம்பரில் நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தருவதாக ஒத்துக்கொண்டன. சாலையோர விளம்பரப் பலகைகள் இறங்கின. கார்ட்டூன் உருவங்களை வைத்துச் சிகரெட் விற்பது நின்றது.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி விடுபட்டுப்போனது: இந்தப் பணத்தைப் புகையிலைத் தடுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற வரி. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. மிச்சிகன் கல்வி உதவித்தொகைக்குக் கொடுத்தது. நியூயார்க், நியூஜெர்சி போன்றவை வருங்காலத் தவணைகளை அடகு வைத்துக் கடன் பத்திரம் வெளியிட்டு, பட்ஜெட் ஓட்டையை அடைத்தன. உதவித்தொகை தவறான செலவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நுரையீரலைப் பறிகொடுத்தவரின் பெயரால் வந்த பணம் அது. சமீப ஆண்டுகளில் வரியும் ஒப்பந்தத் தொகையுமாக மாநிலங்கள் ஆண்டுக்குச் சுமார் 2,500 கோடி டாலர் வசூலிக்கின்றன. தடுப்புக்கும் விட உதவுவதற்கும் செலவிடுவது அதில் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

நல்ல முறையில் செலவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபுளோரிடா காட்டியது. தன் உடன்பாட்டுப் பணத்தில் 1998-ல் அது தொடங்கிய 'உண்மை' என்ற பிரசாரத்தை வடிவமைப்பதில் பதின்வயதினரும் பங்கேற்றார்கள். இரண்டு ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவரிடையே புகைப்பது 18.5 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாக இறங்கியது. அரசியல்வாதிகள் அதன் நிதியை வெட்டினார்கள். மக்கள் விடவில்லை. 2006-ல் வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, உடன்பாட்டுப் பணத்தில் ஒரு பங்கைத் தடுப்புக்கென்று நிலையாக ஒதுக்க வைத்தார்கள்.

வரியைப் பற்றிப் பொருளியலாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறத்தாழ 4 சதவீதம் குறைகிறது. கையில் காசு குறைந்த இளையோரிடம் இன்னும் அதிகம். மாநிலங்களுக்கிடையே உள்ள வேறுபாடு திகைக்க வைப்பது. நியூயார்க் மாநிலம் 2023 முதல் பாக்கெட்டுக்கு 5.35 டாலர் வாங்குகிறது. மிசூரி வாங்குவது 17 சென்ட். விளைவாக, மலிவு மாநிலத்திலிருந்து காரின் பின்பெட்டியில் பாக்கெட்டுகள் கடத்தப்படுகின்றன. கலிஃபோர்னியாவில் ஒரு டாலர் உயர்த்தும் முயற்சி 2012-ல் நூலிழையில் தோற்றது. எதிர்ப்பதற்கு நிறுவனங்கள் 4 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்தன. 2016-ல் இரண்டு டாலர் உயர்வு கேட்டபோது 64 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வரி மொத்தம் 2.87 டாலரானது.

இந்த வரி ஏழையைத்தான் அதிகம் கடிக்கிறது என்ற வாதம் நிறுவனங்களுக்குப் பிடித்தமானது. ஆனால் அதற்காகவே அதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இன்று புகைப்பவர்களில் வறியவர்களும் கல்வி வாய்ப்புக் குறைந்தவர்களும் மனநோயால் துன்புறுவோரும் மிகுதி. அவர்களிடம் பாக்கெட்டுக்கு 5 டாலர் வாங்கிவிட்டு, விடுவதற்கு மருந்தும் கொடுக்காமல், தொலைபேசியில் பேச ஆளும் வைக்காமல் இருப்பது அநியாயம். மாசசூசெட்ஸ் 2006-ல் செய்ததைச் செய்யும் மாநிலத்துக்கே வரியை ஏற்றும் தார்மீக உரிமை முழுமையாக இருக்கிறது.

வயதுச் சட்டத்தின் கதை ஒரு புறநகரில் தொடங்கியது. பாஸ்டன் அருகிலுள்ள நீடம் 2005-ல் விற்பனை வயதை 21 ஆக்கியது. ஐந்து ஆண்டுகளில் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே புகைப்போர் 13 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் 15-லிருந்து 12. பதினெட்டு வயது நண்பன்தான் பதினைந்து வயதுக்காரனுக்கு வாங்கிக் கொடுப்பவன். 21 வயதுக்காரன் பள்ளிக்கூடத்தில் இல்லை. காரணம் இவ்வளவு எளியது. ஹவாய் 2016 ஜனவரியில் முதல் மாநிலமாக இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியா. 2019 டிசம்பரில் நாடு முழுமைக்கும் 21. ஒரு சிற்றூரின் விதி 14 ஆண்டுகளில் நாட்டின் சட்டமானது.

சுவையூட்டிய புகையிலைதான் இப்போதைய போர்க்களம். பழச் சுவை சிகரெட்டுகளை 2009-ல் தடை செய்த மத்தியச் சட்டம், மெந்தால் என்ற புதினாச் சுவையை மட்டும் விட்டுவைத்தது. கறுப்பினப் புகைப்பாளர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் புகைப்பது மெந்தால்தான். பல பத்தாண்டுகளாக அவர்களின் குடியிருப்புகளிலும் பத்திரிகைகளிலும் நிறுவனங்கள் குறிவைத்து விளம்பரம் செய்ததன் அறுவடை அது. மாசசூசெட்ஸ் 2020 ஜூனில் மெந்தால் உட்பட எல்லாச் சுவைகளையும் தடை செய்தது. கலிஃபோர்னியா அதே ஆண்டு சட்டம் இயற்றியது; நிறுவனங்கள் வாக்கெடுப்புக்கு இழுத்து இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டன. 2022 நவம்பரில் மக்கள் 63 சதவீத ஆதரவோடு உறுதிப்படுத்தினார்கள். இந்தச் சட்டம் காவல் துறைக்குக் கறுப்பினத்தவரைத் துன்புறுத்த இன்னொரு சாக்கைக் கொடுக்கும் என்றார்கள் எதிர்ப்பாளர்கள். சில்லறைச் சிகரெட் விற்றார் என்று நியூயார்க்கில் 2014-ல் பிடிக்கப்பட்டு உயிரிழந்த எரிக் கார்னரை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் கலிஃபோர்னியாவின் சட்டம் கடைக்காரருக்கு மட்டுமே அபராதம் விதிக்கிறது. வைத்திருப்பவரையோ புகைப்பவரையோ தொடுவதில்லை. இனி எழுதப்படும் எந்தப் புகையிலைச் சட்டமும் இந்த வரம்பை மீறக் கூடாது.

இதற்கும் ஒரு படி மேலே போன ஊர்களும் உண்டு. பெவர்லி ஹில்ஸ் 2021 முதல் கடைகளில் புகையிலை விற்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மாசசூசெட்ஸின் புரூக்ளைன், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு எந்நாளும் புகையிலை விற்கக் கூடாது என்று விதித்தது. கடைக்காரர்கள் வழக்குப் போட, மாநில உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தகைய விதிகள் அடுத்த தலைமுறையைக் காக்கும். ஏற்கெனவே முப்பது ஆண்டுகளாகப் புகைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு இவற்றால் பயனில்லை; அவருக்கு வேண்டியது தொலைபேசியின் மறுமுனையில் ஒரு குரல், கையில் ஒரு மருந்துப் பெட்டி.

அந்த உதவிதான் இப்போது மெலிந்து வருகிறது. புகைப்பவர் குறையக் குறைய வரி வசூலும் குறைகிறது. அதில் நடக்கும் திட்டங்களும் சுருங்குகின்றன. மாநிலத் தொலைபேசிச் சேவைகளுக்குத் துணை நின்ற மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புகையிலைப் பிரிவு, 2025 ஏப்ரல் ஆட்குறைப்பில் கலைக்கப்பட்டது. மாநிலச் சட்டமன்றங்கள் இனியாவது வசூலில் நிலையான ஒரு பங்கை, எந்த ஆளுநரும் தொட முடியாதபடி, விட உதவுவதற்கென்று எழுதி வைக்க வேண்டும். ஃபுளோரிடா வாக்காளர்கள் செய்து காட்டியது அதைத்தான்.

சான் டியேகோவில் வேரூன்றிய அந்தச் சேவை முறை இந்தியாவிலும் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் நம் நாட்டில் விற்கும் சிகரெட், பீடிப் பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அச்சாகிறது. தமிழிலும் பேசலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ விட நினைத்து முடியாமல் தவிப்பவர் இருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல் அந்த எண்ணைக் காட்டி, முதல் அழைப்பின்போது பக்கத்தில் உட்காருங்கள்.